போட்டுப் பார்த்த பல்ப்

ஏழு பேரில் என்னைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். என்னிடம் பேனை இருந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு. தன்னை நீதிபதி மட்டும் விசாரிக்க வேண்டாம், பொதுமக்களில் ஏழு பேர் யூரிகளாக இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கேட்டிருந்தார். இந்த நாளில் அப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்று பதிவாளர் சொன்னார். பட்டியலில் என் பெயர் எப்படி வந்ததென்று தெரியாது. செட்டிகுளத்தில் அரசாங்க வேலை, ஒரு பட்டம், வயது இருபத்தொன்பது. அதுவாக இருக்கலாம். கடிதத்தைக் காட்டியபோது மேலதிகாரி, "போயிட்டு வாரும் அனோஜன். உமக்கும் ஒரு மாற்றமா இருக்கும்" என்றார். அப்போது என் மனைவி கஜனி இறந்து பதின்மூன்று மாதம்.

வழக்கு இதுதான். முத்துலிங்கம் என்ற விவசாயி தன் வயலைச் சுற்றிப் பன்றிக்குக் கம்பி கட்டி, வீட்டிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தார். அது சட்டவிரோதம். ஆனால் காட்டோரத்தில் பலர் செய்வது. பக்கத்து வயல்காரர் ராஜரத்தினம் ஒரு மாலை தண்ணீர் திருப்ப வரம்பால் வந்து, அந்தக் கம்பியில் பட்டுச் செத்தார். இரண்டு பேருக்கும் இடையில் வாய்க்கால் சண்டை இருந்தது. சாவதற்கு நாலு நாளுக்கு முன் முத்துலிங்கம், "என்ர வரம்பில காலை வைச்சுப் பார்" என்று கத்தியதைக் கேட்ட சாட்சிகள் இருந்தார்கள்.

கம்பி கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வயல் மூலையில் ஒரு தடி நட்டு, அதே இணைப்பில் ஒரு பல்ப் மாட்டி, அதற்குச் சிவப்புச் சாயம் அடித்து விடுவார்கள். பல்ப் எரிந்தால் கம்பியில் மின்சாரம் இருக்கிறது. எரியாவிட்டால் நடக்கலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று பல்ப் எரியவில்லை. கம்பியில் மின்சாரம் இருந்தது.

"வெளிக்கிடேக்க நான்தான் பாத்துச் சொன்னனான். பல்ப் நூந்திருக்கு, போங்கோ எண்டு" என்றார் செத்தவரின் மனைவி இராசேஸ்வரி, சாட்சிக் கூண்டில் நின்று. அதற்குப் பிறகு அவா எந்தக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

முத்துலிங்கம் சொன்னது: பல்ப் பியூஸ் போயிருக்க வேண்டும், அன்று தான் அதைக் கவனிக்கவில்லை. அரச சட்டத்தரணி சொன்னது: நல்ல பல்பைத் திருகித் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார். பொலிஸ் அடுத்த நாள் அந்தப் பல்பைக் கழற்றி, பொலித்தீன் பையில் போட்டு, இலக்கம் ஒட்டி வைத்திருந்தது. நான்காம் சான்றுப் பொருள். அது எரியுமா எரியாதா என்று ஐந்து வருடமாக ஒருவரும் பார்க்கவில்லை. சாயம் தடிப்பாக இருந்ததால் உள்ளே இழை தெரியவில்லை.

அவரால்தான் சாவு நடந்தது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. அவருடைய சட்டத்தரணியே கவனயீனத்தை ஒத்துக்கொண்டார். நாங்கள் முடிவெடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கொலையா, கவனயீனமா? கவனயீனம் என்றால் மறியற் சிறையில் இருந்த ஐந்து வருடமே போதும், அவர் அன்றே வீட்டுக்குப் போகலாம். கொலை என்றால் மரண தண்டனை. தூக்கில் போடுவதில்லைதான். ஆனால் வெளியே வருவதும் இல்லை.

அவருடைய மகள் கிருசாந்தி கடைசி நாள் ஒரு கடதாசிப் பையோடு வந்திருந்தாள். மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட் ஒன்று பைக்கு மேலால் தெரிந்தது.

*

எங்களை அறைக்குள் விட்டு வெளியே பூட்டினார்கள். ஒரு நீண்ட மேசை, ஏழு கதிரை, ஒரு மின்விசிறி, பின்னால் ஒரு கழிவறை. யன்னலுக்கு இரும்புக் கம்பி. தொலைபேசிகளை வாங்கிக்கொண்டார்கள்.

நான் கடதாசியைக் கிழித்து ஏழு துண்டாக்கிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தபோது கொலை நாலு, கவனயீனம் மூன்று. என்னுடையது மூன்றில் ஒன்று.

எந்தப் பக்கம் என்று சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் நீதிபதியிடம் போய்ச் சொன்னோம். "நாலுக்கு மூன்று ஒரு தீர்ப்பல்ல. குறைந்தது ஐந்து பேர் ஒரு பக்கம் நிற்க வேண்டும். திரும்பப் போய் ஆற அமரக் கதையுங்கள்" என்றார். திரும்பப் பூட்டினார்கள்.

"ஆர் அந்த மூண்டு பேரும்? வெக்கப்படாமல் சொல்லுங்கோ" என்றார் இராசமலர் ரீச்சர். பாலர் பாடசாலை நடத்துகிறவர். எல்லோரிடமும் அந்தக் குரலில்தான் பேசுவார்.

"நான் ஒண்டு" என்றார் ஓமந்தை நடராசா. "பொய் சொல்லி என்ன? நானும் கம்பி கட்டினனான்தான். பன்றி வந்தா ஒரு இரவில அரை ஏக்கர் போயிடும் ரீச்சர். உங்கட பிள்ளையளை மாதிரி வரிசையில நிண்டு தின்னாது."

"அதுக்கு மனுசனைக் கொல்லுறதோ?"

"பல்ப் மாட்டினவன் கொல்ல நினைக்கேல்லை. கொல்ல நினைச்சவன் பல்ப் மாட்டான்."

"பல்பைக் கழட்டினவன்?"

நடராசா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "கழட்டினவன் எண்டா வேற கதை" என்றார்.

தபால் கந்தோரில் வேலை செய்யும் பெண் மணிக்கூட்டைப் பார்த்தா. வங்கியில் வேலை செய்யும் ஒருவரும் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவரும் மின்விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை. மூன்றரை மணி.

"தம்பி, நீர் படிச்சனீர். உமக்கு என்ன கஷ்டம்?" என்றார் கச்சு முகம்மது. வவுனியா பஜாரில் மின்சாரப் பொருள் கடை வைத்திருக்கிறார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்போம்.

"எனக்குத் தெரியேல்லை நானா. தெரியாட்டி எதிரிக்குச் சாதகமா எடுக்கச் சொல்லி நீதிபதி சொன்னவர்தானே."

"தெரியாட்டித்தான். தெரிஞ்சுகொள்ள ஏலுமெண்டா?"

அவர் மேசையில் இருந்த பொலித்தீன் பையைப் பார்த்தார். சான்றுப் பொருள்களை நாங்கள் பார்க்கலாம் என்று நீதிபதி அனுமதித்திருந்தார். கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தவன் நான்.

"இருபத்தாறு வருசமா பல்ப் விக்கிறன்" என்றார் நானா. "போட்டுப் பாக்காமல் ஒரு பல்பும் என்ர கடையால வெளிக்கிட்டதில்லை. கவுண்டரில ஹோல்டர் பூட்டி வைச்சிருக்கிறன். வாறவன் கண்ணுக்கு முன்னால எரிச்சுக் காட்டித்தான் சுத்திக் குடுப்பன். பிறகு வந்து பியூஸ் எண்டு சொல்ல ஏலாது. இவ்வளவு பெரிய கோர்ட்டு, இவ்வளவு பெரிய லோயர்மார். ஐஞ்சு வருசம். ஒருத்தனுக்கும் ஒரு ஹோல்டர் கிடைக்கேல்லையாம்!"

வங்கிக்காரர் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. கழிவறைக் கதவைத் திறந்து மேலே பார்த்தார். அங்கே ஒரு ஹோல்டர் இருந்தது.

எனக்குத் தெரியும், அது கூடாது. நீதிபதி இரண்டு தரம் சொல்லியிருந்தார்: நீதிமன்றத்தில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் வைத்து முடிவெடுங்கள், நீங்களாக எதையும் தேடிப் போக வேண்டாம். தலைவர் என்ற முறையில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நானா கதிரையில் ஏறி, அங்கிருந்த பல்பைக் கழற்றி ரீச்சரிடம் கொடுத்து, சிவப்புப் பல்பைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டினார். வாசலில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றது நான்.

"போடும் தம்பி."

போட்டேன்.

எரிந்தது. சாயத்தையும் மீறி எரிந்தது. சாயம் உரிந்த இடத்தால் வெள்ளை வெளிச்சம் கூரான கோடாகச் சுவரில் விழுந்தது. எல்லோருடைய முகமும் சிவந்திருந்தது. தபால் கந்தோர்ப் பெண், "முருகா" என்றா.

இருபது எண்ணும் நேரம் இருக்கும். உள்ளே டிங் என்று ஒரு சத்தம். இருண்டது.

நானா பல்பைத் தொட்டுப் பார்த்து, சூடு தாங்காமல் கையை எடுத்தார். மெல்லக் குலுக்கினார். உள்ளே இழை கிலுகிலுத்தது.

"போச்சு" என்றார்.

*

பிறகு எல்லோரும் மேசைக்கு வந்து இருந்தோம். முதலில் வாய் திறந்தது நடராசா.

"நல்ல பல்ப்" என்றார். "நல்ல பல்பைக் கழட்டி விட்டிருக்கிறான்." மேசையில் கையால் தட்டினார். "பல்பைக் கழட்டினவன் எங்களில ஒருத்தன் இல்லை. அந்தப் பொம்பிளை பாத்துப் போகச் சொல்லியிருக்கிறா. கேட்டனீங்கள்தானே? பல்பை நம்பித்தான் சொன்னவா."

மூன்றாமவரான கிளாக்கரும் கொலைப் பக்கம் போனார். ஆறு.

"இல்லை" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது பியூஸ் போன பல்ப். பொருந்தினது."

எனக்குப் பன்னிரண்டு வயதில், யுத்தம் முடிந்த கையோடு, நாங்கள் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தோம். கூடாரங்களுக்கு நடுவில் பல்ப் பியூஸ் போனால் புதியது வர நாளாகும். பொடியள் நாங்கள் கழற்றி எடுத்து, பக்கவாட்டில் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டி உருட்டுவோம். அறுந்த இழையின் இரண்டு முனையும் ஒன்றில் ஒன்று கொழுவிக்கொண்டால் திரும்ப எரியும். இழை கட்டையாகிப் போவதால் முன்னையைவிடக் கூட வெளிச்சம். சில நேரம் ஒரு இரவு நிற்கும். சில நேரம் ஒரு நிமிடம். இதைச் சொன்னேன்.

"ஐஞ்சு வருசமா பொலிஸ் ஜீப்பிலயும் றாக்கையிலயும் கிடந்து குலுங்கின பல்ப்" என்றேன். "எப்பிடி எரிஞ்சது, எப்பிடிப் போனது எண்டு கண்டனீங்கள்தானே. நல்ல பல்ப் எண்டா அப்பிடிப் போகுமே?"

ரீச்சர் நானாவைப் பார்த்தார். "உண்மையோ?"

நானா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நடக்கும்" என்றார். "எப்பவாவது."

"எப்பவாவது நடக்கிறதை வைச்சு ஒரு கொலைகாரனை விட ஏலுமோ?"

"விடுங்கோ ரீச்சர்" என்றார் வங்கிக்காரர். "ஆறு பேர் போதும். தம்பி தன்ர பக்கம் நிக்கட்டும். ஆறுக்கு ஒண்டு எண்டு சொல்லுவம். முடிஞ்சுது."

"பல்பைப் போட்டதைச் சொல்ல வேண்டாமோ?" என்றேன்.

நானா எழும்பிப் பல்பைப் பைக்குள் போட்டு, மடித்து, முன்பு இருந்த இடத்தில் முன்பு இருந்த மாதிரியே வைத்தார். வெளியிலிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை.

"சொன்னா ஏழு பேரையும் உள்ளுக்குப் போடுவாங்கள்" என்றா தபால் கந்தோர்ப் பெண். "எனக்கு ரெண்டு பிள்ளையள் அண்ணா. நீங்கள் தனி ஆள்."

"பிள்ளை!" என்றார் ரீச்சர். என் கதை ரீச்சருக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊர்களில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

எல்லாம் அல்ல.

கஜனி மன்னார் வீதியில் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து விழுந்து செத்தா. அன்று மாலையே மரண விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி நீதிபதி அல்ல, சட்டம் படித்தவரும் அல்ல. ஊரில் மதிப்பான ஒரு மனிதர், என் அப்பாவைத் தெரிந்தவர். என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். "நாய் ஏதும் குறுக்கால வந்ததோ தம்பி?" என்று அவரே கேட்டார். ஓம் என்றேன். எழுதினார். கையெழுத்து வைத்தேன். பத்து நிமிடம்.

நாய் வரவில்லை. நான் சட்டைப் பைக்குள் அடித்த தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். அந்தக் கிழமை கஜனியின் தம்பி நிருஷன் சந்தியில் நின்ற இரண்டு நாய்களை அடித்துக் கொன்றான். கொன்றுவிட்டு என்னிடம் வந்து அழுதான். நான் அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

"அப்ப சரிதானே தலைவர்?" என்றார் வங்கிக்காரர். "கதவைத் தட்டட்டோ?"

தலைவர்தான் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். மற்ற ஆறு பேரும் கதிரையில் இருந்தால் போதும். நான் எழுந்து நின்று, என் வாயால், நான் நம்பாத ஒன்றை முழுச் சபைக்கும் சொல்ல வேண்டும். முத்துலிங்கம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கதவைத் தட்டினார்கள்.

*

பதிவாளர் கேட்டார். "யூரிகள் ஒரு தீர்ப்புக்கு வந்துவிட்டீர்களா?"

எழுந்தேன். மரண தண்டனை வாசிக்கும்போது மண்டபத்தில் விளக்கையும் மின்விசிறியையும் நிற்பாட்டுவார்கள், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று காலையில் கிளாக்கர் சொல்லியிருந்தார். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. கூண்டுக்குள் முத்துலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் கடதாசிப் பையை மடியில் வைத்திருந்தாள். இராசேஸ்வரி கடைசி வரிசை வாங்கில் இருந்தா.

"கனம் ஐயா" என்றேன். "அதுக்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் நான்காம் சான்றுப் பொருளை உள்ளே போட்டுப் பார்த்தோம். அது எரிந்தது. பிறகு போய்விட்டது. அதை வைத்துத்தான்..."

"நிறுத்துங்கள்." நீதிபதி கையை உயர்த்தினார். "யார் எந்தப் பக்கம், எத்தனை பேர் என்பதைச் சொல்ல வேண்டாம். ஒரு சொல்லும் வேண்டாம்."

பையைக் கேட்டு வாங்கினார். பல்பை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்தக் கிலுகிலுப்பு எல்லோருக்கும் கேட்டது.

"சுவிட்சைப் போட்டது யார்?"

பின்னால் நானா தொண்டையைச் செருமினார்.

"நான்" என்றேன்.

"ஏன்?"

கஜனி செத்த அன்று என்னிடம் எவரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் நீதிபதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "என்ன நடந்ததென்று யாருக்காவது தெரிய வேண்டும் போல இருந்தது ஐயா" என்றேன். அது பதிலாகாது என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

மற்றது வேகமாக நடந்தது. யூரி கலைக்கப்பட்டது. வழக்கு முதலிலிருந்து, வேறு ஏழு பேருக்கு முன்னால். எதிரி அதுவரை மறியலில். திகதி அடுத்த வருடம் மாசி. நாங்கள் ஏழு பேரும் நீதிமன்ற அவமதிப்புக்கு விளக்கம் சொல்ல வர வேண்டும். அறைக்குள் யார் எப்படி வாக்களித்தார் என்பதை எங்கேயும், எப்போதும், எவரிடமும் சொல்லக்கூடாது என்று நீதிபதி எழுத்தில் கட்டளை இட்டார்.

முத்துலிங்கம் என்னைப் பார்த்தார். சிறைக் காவலர் தோளில் கை வைத்தபோதும் என்னைத்தான் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. கணக்குப் போடுகிற பார்வை. இன்னும் எத்தனை வருடம் என்று.

படியில் நானா என்னை மறித்தார்.

"வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவனைத் தலைவராக்கினது எங்கட பிழை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது பொருந்தின பல்ப்தான். வெளிச்சத்தைக் கண்ட உடனயே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் நானா சொல்லேல்லை?"

"போட்டுப் பாப்பம் எண்டவன் நான். போட்டது பிழை எண்டு நானே எப்பிடித் தம்பி சொல்லுறது?"

அடுத்த யூரிக்குப் போட்டுப் பார்க்கப் பல்ப் இல்லை. உள்ளே இழை அறுந்த ஒரு பல்ப் இருக்கும். எப்போது அறுந்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

*

மன்னார் வீதிப் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் கிருசாந்தி ஏறி இருந்தாள். பூவரசங்குளம் பக்கம் அவர்களுடைய வீடு. நான் இறங்கி அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். அடுத்த பஸ் இல்லை.

பட்டானிச்சூர் தாண்டியதும் திரும்பினாள்.

"நீங்கள்தானே எழும்பிக் கதைச்சது?"

"ஓம்."

"எத்தினை பேர் அப்பாவை விடச் சொன்னவை?"

"சொல்ல ஏலாது தங்கச்சி. கட்டளை."

"எனக்குத் தெரியும். நீங்கள் ஏழு பேரும் உள்ளுக்கால வரேக்க முகத்தைப் பாத்தனான். அந்த ரீச்சரம்மாவின்ர முகத்தில இரக்கம் இருந்தது. விடத்தான் வந்தனீங்கள்." பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா அப்பா இப்ப இந்த பஸ்ஸில இருந்திருப்பார். உங்களுக்கு என்ன லாபம்? சொல்லுங்கோ. உங்களுக்கு அதால என்ன லாபம்?"

பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஆறுக்கு ஒன்று. இரண்டு சொல். அதைச் சொன்னால் அவள் நிம்மதியாவாளா, அல்லது மாசி வரைக்கும் நித்திரை கொள்ளமாட்டாளா என்று யோசித்தேன். எதுவானாலும் சொல்ல முடியாது.

"ஒரு லாபமும் இல்லை" என்றேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது சேட் பையிலிருந்து வழுகியது. ஒரு கிழவர் எடுத்துக் கொடுத்தார். மடிப்புக் குலைந்திருந்தது. அவள் அந்த இடத்திலேயே நின்று திரும்ப மடித்தாள். சாரதி ஹோன் அடித்த பிறகுதான் படியில் கால் வைத்தாள்.

கஜனி விழுந்த வளைவை பஸ் வேகம் குறைக்காமல் கடந்தது.

செட்டிகுளம் சந்தியில் நிருஷன் சைக்கிளோடு நின்றான். கடைக்கு வந்திருப்பான்.

"அத்தான், வழக்கு முடிஞ்சுதோ?"

"இல்லை" என்றேன்.

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தான். அம்மா புட்டு அவித்திருக்கிறா, வந்து சாப்பிட்டுப் போகட்டாம் என்றான். நான் வாயைத் திறந்தேன். அவன் என்ன என்று பார்த்தான்.

"வாறன்" என்றேன்.

சந்தியில் ஒரு நாயும் இல்லை.